கவிழ்த்து வைத்த விளா ஓடு

கரட்டுச் சரிவில் ஒரு முள்ளம்பன்றி இருந்தார். பெயர் சடையாண்டி. 'இருந்தது' என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் முள் நிமிரும். நமக்கு எதற்கு வம்பு? 'இருந்தார்' என்றே வைத்துக்கொள்வோம்.

வளை தோண்டுவதில் அவரை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. இதை அவரே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அது பொய்யில்லை, நிஜம். அதுதான் தொல்லையே! ஒன்றும் தெரியாதவன் பீற்றிக்கொண்டால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எல்லாம் தெரிந்தவரை என்ன செய்வது?

அவர் வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே ஓடையைப் பார்த்து முன்வாசல். மேலே விளா மரத்தடியில் பின்வாசல். நடுவில் மேல்நோக்கி ஏறும் ஒரு நடை. அடை மழை பெய்தாலும் படுக்கையறையில் பொட்டு ஈரம் இறங்காது. பாம்பு ஒரு வாசலில் நுழைந்தால் இவர் மறு வாசலில் வெளியே நிற்பார்.

அந்த விளா மரத்தடியில்தான் வளையறிஞர் சபை கூடும். சடையாண்டியார் தலைவர். வீரணன் என்ற உடும்பும் மூக்கன் என்ற பெருச்சாளியும் உறுப்பினர்கள். வளை தோண்டத் தெரியாதவர்கள் வந்து கேட்கலாம், தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள் என்றுதான் சபையை ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தபோது நல்ல எண்ணம்தான். பிறகு விதிகள் வந்தன.

கேட்க வருபவர் ஒரு விளாம்பழம் கொண்டுவர வேண்டும். 'வணக்கம்' சொல்லக் கூடாது, நேரம் வீண். 'நன்றி' சொல்லக் கூடாது, அதுவும் வீண். முன்பு யாராவது கேட்ட கேள்வியைக் கேட்கக் கூடாது. யாருமே கேட்காத கேள்வியையும் கேட்கக் கூடாது, ஏனென்றால் அது சபைக்குச் சம்பந்தமில்லாதது. மண் என்ன மண், சரிவு என்ன சரிவு, காற்று எந்தப் பக்கம் எல்லாம் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"இந்த விதியெல்லாம் எங்கே தெரிஞ்சுக்கிறது?" என்று ஒரு அணில் ஒருமுறை கேட்டுவிட்டது.

"அதைக் கேட்கிறதே விதிமீறல்!" என்றான் வீரணன்.

விதி மீறினால் தண்டனை உண்டு. கேட்டவர் கொண்டுவந்த பழத்தைச் சடையாண்டியார் கடித்து உடைப்பார். உள்ளே இருப்பதை மூவரும் பங்கு போட்டுத் தின்பார்கள். உடும்பு பழம் தின்னாது. ஆனாலும் சபை மரியாதைக்காக வீரணன் ஒரு நக்கு நக்கிக்கொள்வான். பிறகு காலி ஓட்டைக் கேட்டவர் முன்னால் தரையில் கவிழ்ப்பார்கள். "கவிழ்த்தாச்சு!" என்று மூவரும் ஒரே குரலில் கத்துவார்கள். அதற்குமேல் அந்தக் கேள்வியை அந்தச் சபையில் யாரும் எடுக்கக் கூடாது.

பதில் சொன்னால் வாய் வலிக்கும். கவிழ்த்தால் பழம் கிடைக்கும். எது அதிகம் நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

கவிழ்த்த ஓடுகளை அங்கேயே குவித்து வைத்தார்கள். குவியல் மரத்தடியில் மேடு போல ஏறியது. சடையாண்டியாரின் பின்வாசல் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விட்டது. "பரவாயில்லை! தலைவர் முன்வாசலில் புறப்பட்டு, சரிவைச் சுற்றி, நாலு பேர் பார்க்க வருவதுதான் அழகு!" என்றான் மூக்கன். சடையாண்டியாருக்கும் அது சரி என்றே பட்டது.

உங்கள் ஊரில், உங்கள் கணினிக் குழுக்களில், இப்படியெல்லாம் யாரும் நடந்துகொள்ள மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இது காட்டில் நடந்த கதை.

கோடையில் கரட்டில் தீப்பிடித்தது. சூரைப் புதர்கள் எல்லாம் கரியாகிவிட்டன. அந்தப் புதர்களில் ஒன்றில்தான் பவளாயி என்ற முயல் குடியிருந்தாள். எங்கள் பக்கத்து முயல்களுக்கு வளை தோண்டும் பழக்கமே கிடையாது. புதருக்கடியில் புல்லை அமுக்கிப் படுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். புதர் போனதும் பவளாயிக்குப் போக்கிடம் இல்லை. அவளுக்கு வயிறு வேறு நிறைந்திருந்தது. மழைக்காலத்துக்கு முன் குட்டிகளுக்கு ஒரு கூரை வேண்டும்.

ஒரு விளாம்பழத்தை மூக்கால் உருட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, அவள் சரிவேறிச் சபைக்கு வந்தாள்.

"வணக்கங்க ஐயா!" என்றாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆரம்பமே சரியில்லை!

"எனக்கு ஒரு வளை தோண்டணுங்க. எப்படித் தோண்டுறதுன்னு கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

சடையாண்டியார் கண்ணை மூடிக்கொண்டார். "எப்படித் தோண்டுறது! ஏம்மா, இதெல்லாம் ஒரு கேள்வியா? மண் என்ன மண்ணு?"

"தெரியலைங்க."

"சரிவு?"

"சரிவுன்னா எதைக் கேக்குறீங்க ஐயா?"

மூக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தலைவரே, சரிவுன்னா எதுன்னு கேக்குது!"

"இதுவரைக்கும் நீயா என்ன முயற்சி பண்ணினே?" என்றான் வீரணன்.

பவளாயி தயங்கினாள். "காலால கொஞ்சம் கீறிப் பாத்தேங்க. மண்ணு திரும்பத் திரும்ப உள்ளேயே விழுது. குட்டி போடுறதுக்குள்ள..."

"குட்டி கதையெல்லாம் இங்க வேண்டாம்! கேள்வியை மட்டும் கேளு!"

"அதான் ஐயா கேட்டேன். எப்படித் தோண்டுறது?"

"போன வருஷம் ஒரு கீரி இதையே கேட்டுச்சு. போய் அந்தப் பதிலைப் பாரு!" என்றார் சடையாண்டியார்.

"என்ன பதிலுங்க ஐயா சொன்னீங்க?"

சடையாண்டியார் யோசித்துப் பார்த்தார். அன்றைக்கும் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. அதற்கு முந்தின வருஷம் ஓர் எலி கேட்டது, அதைப் போய்ப் பார் என்றுதான் சொல்லியிருந்தார்.

"கவிழ்த்தாச்சு!" என்றார் சட்டென்று.

பழம் உடைந்தது. மூவரும் தின்றார்கள். ஓடு பவளாயி காலடியில் கவிழ்ந்தது. அவள் அதை ஒருமுறை மோந்து பார்த்தாள். பிறகு, "நன்றிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

"பாத்தீங்களா தலைவரே! போகும்போதும் ஒரு விதியை மீறிட்டுத்தான் போகுது!" என்றான் வீரணன்.

அன்று சாயங்காலம் சடையாண்டியார் வீட்டில் சாய்ந்து படுத்திருந்தார். முன்வாசல் வழியாகக் கீழே ஓடைக்கரையில் யாரோ பேசுவது கேட்டது.

"அழாத தங்கச்சி! கண்ணைத் துடை! கேள்வி கேக்குறது ஒரு தப்பா?"

அது இனியன் என்ற நரியின் குரல். என்ன குரல் அது! காதில் தேனை ஊற்றின மாதிரி இருக்கும்.

"அண்ணே, எனக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே" என்றது பவளாயியின் குரல்.

"பொறக்கும்போதே யாருக்கும்மா தெரியும்? நான் சொல்றேன் கேளு. எவ்வளவு நல்லாக் கேக்குறே தெரியுமா நீ! இதோ பாரு, இந்த ஓடைக்கரை மண்ணு மெத்து மெத்துன்னு இருக்கா? இங்கேயே தோண்டு. உள்ளே போகப் போகக் கீழே இறக்கித் தோண்டு, குளுகுளுன்னு இருக்கும். வாசல் ஒண்ணே ஒண்ணு போதும்."

"பின்னாடி ஒரு வாசல் வேண்டாமாண்ணே?"

"உனக்கு எத்தனை உடம்பு தங்கச்சி?"

"ஒண்ணுதான்."

"ஒரு உடம்புக்கு ரெண்டு வாசல் எதுக்கு? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சந்தேகம் வந்தா எப்ப வேணும்னாலும் வந்து கேளு. என் வீடு உன் வீடு!"

சடையாண்டியார் எழுந்து உட்கார்ந்தார். அத்தனையும் தப்பு! ஓடைக்கரை மண் முதல் வெள்ளத்தில் கரைந்துவிடும். கீழ்நோக்கிய வளையில் தண்ணீர் நிற்கும். ஒற்றை வாசல்? அது வாசலா, இல்லை வாயா? நேரே நரியின் வாய்!

வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று நினைத்தார். கால்கூட எடுத்து வைத்தார். அப்புறம் யோசித்தார். கேள்வி சபையில் கேட்கப்படவில்லை. பழம் கொண்டுவரப்படவில்லை. அதோடு, கவிழ்த்த கேள்வி. கவிழ்த்த கேள்விக்குத் தலைவரே பதில் சொன்னால் சபை என்ன ஆவது?

'தேடிப் படிக்காதவங்களுக்கு இதுதான் கதி' என்று முனகிவிட்டு அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார். தூக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அதன் பிறகு சபைக்குக் கேட்க வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். கீரி வரவில்லை. காட்டெலிகள் வரவில்லை. கௌதாரிகூட வரவில்லை. எல்லாரும் ஓடைக்கரைக்குப் போனார்கள். இனியன் ஒவ்வொருவருக்கும் வாய் நிறையச் சிரித்து, தட்டிக் கொடுத்து, ஒரே வாசல் வைத்து வளை தோண்டச் சொல்லிக் கொடுத்தான். கரை முழுக்க ஓட்டை ஓட்டையாகப் போனது.

"ஒரு முட்டாள் கேள்விகூட வரலை தலைவரே! நம்ம சபையோட தரம் எங்கேயோ போயிடுச்சு!" என்று பூரித்தான் மூக்கன்.

"ஆமாம்" என்றார் சடையாண்டியார். இருந்தாலும் பழம் தின்று வெகுநாளானதில் அவருக்கு நாக்கு நமநமவென்றிருந்தது.

காட்டெலிகள் சிலரைக் காணவில்லை என்று பேச்சு அடிபட்டது. "சொந்த ஊருக்குப் போயிட்டாங்க, பாவம், வீட்டு ஞாபகம்!" என்றான் இனியன். அவன் கன்னம் இப்போது பூசினாற்போல் இருந்தது. சடையாண்டியார் அதையும் பார்த்தார். ஆனால் அதைப் பற்றிச் சபையில் யாரும் கேள்வி கேட்கவில்லையே!

அதைவிடப் பெரிய கவலை அவருக்கு வீட்டிலேயே இருந்தது. படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் கர் கர்ரென்று ஒரு சத்தம். படுத்தால் கேட்கும், எழுந்தால் நிற்கும். கறையானா? வேரா? யாரிடமாவது கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் யாரிடம் கேட்பது? தலைவர் போய்க் கேட்டால் வீரணன் என்ன நினைப்பான்? வாயை மூடிக்கொண்டு, காதில் காய்ந்த இலையைச் செருகிக்கொண்டு தூங்கினார்.

வானம் கறுக்க ஆரம்பித்த ஒரு நாள், பவளாயி மறுபடியும் சபைக்கு வந்தாள். வயிறு இறங்கியிருந்தது. மூன்று குட்டிகள் போட்டிருந்தாள். அந்த உடம்போடு எங்கேயோ தேடி ஒரு விளாம்பழமும் உருட்டி வந்திருந்தாள்.

"வணக்கம் சொல்லலைங்க ஐயா" என்றாள் முதலிலேயே.

"ம்" என்றார் சடையாண்டியார். பழத்தைப் பார்த்ததும் அவருக்கு வாயூறியது.

"ரெண்டு சந்தேகங்க. ஒத்தை வாசல் போதுமா? அப்புறம், நான் தோண்டுறப்போ உள் சுவத்துல ஒரு இடத்துல தொம் தொம்முன்னு சத்தம் வருதுங்க. அந்தப் பக்கம் வெத்திடம் மாதிரி. அது சரியா, தப்பா?"

"ஒரு நேரத்துல ஒரு கேள்விதான்!" என்று சீறினான் வீரணன்.

"தொம் தொம்முன்னா? என்ன தொம்மு? எந்த அளவு தொம்மு?" என்று இளித்தான் மூக்கன்.

"உங்களுக்கெல்லாம் தோண்டச் சொல்லிக் கொடுத்தது யாரும்மா?" என்றார் சடையாண்டியார், தெரியாதவர் மாதிரி.

"இனியன் அண்ணன்தாங்க."

"அப்போ அங்கேயே போய்க் கேளு! மண்ணுன்னா தட்டினா சத்தம் வரத்தான் செய்யும். இதையெல்லாம் தூக்கிக்கிட்டு வந்துட்டா பாரு! கவிழ்த்தாச்சு!"

நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த 'தொம் தொம்' யாருடைய படுக்கையறை? சுவருக்கு இந்தப் பக்கம் இவர் காதில் இலை செருகிக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தப் பக்கம் அவள் தோண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து கேட்கிறாள், இவர் ஓட்டைக் கவிழ்க்கிறார்! இவ்வளவு பெரிய அறிஞருக்கு இது உறைக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்தது. சும்மா மழையில்லை, வானமே கிழிந்து கொட்டியது. ஓடை செம்மண் கலந்து புரண்டு வந்தது. சடையாண்டியார் சொட்டு ஈரமில்லாத படுக்கையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

தொம்! தொம்! பொத்தென்று சுவர் உடைந்தது!

ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. இரண்டு நீண்ட காதுகள், சேறு அப்பிய மூக்கு. வாயில் ஒரு குட்டி. பவளாயி குட்டியைக் கீழே வைத்தாள். திரும்பி ஓட்டைக்குள் தலையை விட்டு இன்னொன்றை எடுத்தாள். அப்புறம் மூன்றாவதையும் எடுத்தாள். அவள் பின்னாலேயே செந்தண்ணீர் குபுகுபுவென்று உள்ளே வந்தது.

"ஐயா, வாசல் தண்ணிக்குள்ள போயிடுச்சுங்க! வேற வழி இல்லாம சத்தம் வந்த பக்கம் தோண்டினேன். இங்கேருந்து வெளியே போற வழி எது?"

"இந்தக் கேள்வி ஏற்கெனவே..." என்று ஆரம்பித்தார் சடையாண்டியார். பழக்கதோஷம்! தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது. மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

முன்வாசலுக்கு ஓடினார். முன்வாசல் இல்லை! சல்லடையாகிப் போன ஓடைக்கரை மழையில் அப்படியே சரிந்து வாசலை அடைத்திருந்தது. தண்ணீர் இப்போது முழங்கால் வரை வந்துவிட்டது. குட்டிகள் கீச்சிட்டன. பவளாயி எதுவும் கேட்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டால் திட்டுவாரோ என்ற பயம் அந்த நேரத்திலும் அவள் கண்ணில் இருந்தது. அதைப் பார்த்ததும் சடையாண்டியார் நடையின் பக்கம் மூக்கை நீட்டினார்.

"மேலே ஏறும்மா. நடையைப் பிடிச்சு நேரா மேலே போனா பின்வாசல்" என்றார்.

அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததில் துளியூண்டு. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆயிற்று? 'கவிழ்த்தாச்சு' என்று கத்துகிற நேரம்தான்.

ஆளுக்கொரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஏறினார்கள். மூன்றாவது குட்டி பவளாயியின் பிடரியைப் பற்றிக்கொண்டது. பின்வாசலுக்கு வந்ததும் குட்டிகளை இறக்கி வைத்தார்கள். சடையாண்டியார் தலையால் முட்டினார். திறக்கவில்லை. மறுபடி முட்டினார். மேலே கடகடவென்று சத்தம். விளா ஓடுகள்! ஒன்றா இரண்டா, அத்தனையும் அவர் கவிழ்த்தவை!

"மேலே யாராவது இருக்கீங்களா? ஓடுகளை நகத்துங்க!" என்று கத்தினார்.

வீரணன் குவியல் மேல்தான் உட்கார்ந்திருந்தான். மழைக்கு அதுதான் மேடான இடம்.

"யாரது?" என்றான்.

"உள்ளே தண்ணி ஏறுது! சீக்கிரம் நகத்து!"

"கேள்வி தெளிவா இல்லை! என்ன தண்ணி? எவ்வளவு தண்ணி? இதுவரைக்கும் நீயா என்ன முயற்சி பண்ணினே?"

"டேய், நான் சடையாண்டிடா!"

"எங்க தலைவர் யாருகிட்டேயும் உதவி கேக்க மாட்டார்! நீ போலி! பழம் கொண்டு வந்தியா? கவிழ்த்தாச்சு!"

வீரணன் குவியல் மேல் இன்னொரு விளா ஓட்டையும் எடுத்து வைத்தான். கீழே சடையாண்டியாருக்கு அழுகையே வந்துவிட்டது. இதே வார்த்தைகள்! ஒன்றுகூட மாறவில்லை! வாங்கிக்கொள்கிற பக்கம் நின்றால் இப்படியா இருக்கும்?

"ஐயா, நான் ஒரு பக்கம் மண்ணைப் பறிக்கட்டுமா?" என்றாள் பவளாயி. இரண்டு மாதமாகத் தோண்டித் தோண்டி அவள் நகம் நன்றாக உரமேறியிருந்தது.

"பறிம்மா, பக்கவாட்டுல பறி. அங்கே மண்ணு இளக்கம்!"

அவள் பறித்தாள். இவர் முதுகைக் கொடுத்து முட்டினார். குவியல் ஒரு பக்கமாகச் சரிந்தது. வீரணன் ஓடுகளோடு உருண்டுபோய்ச் சேற்றில் விழுந்தான். ஐந்து உயிர்களும் மழைக்குள் வந்து விழுந்தன.

ஓடு உருண்ட சத்தம் கீழே ஓடைக்கரை வரை கேட்டது. கொஞ்ச நேரத்தில் இனியன் மேலேறி வந்தான். தலையிலிருந்து வால் வரை தொப்பலாக நனைந்திருந்தான்.

"அடடா, தங்கச்சி! எங்கெல்லாம் தேடுறது உன்னை! எப்படி நடுங்குறே பாரு! குட்டிகளைக் கொடும்மா, நான் தூக்கிக்கிறேன். என் வீடு உன் வீடுன்னு சொன்னேனா இல்லையா?"

பவளாயியின் முகம் மலர்ந்தது. குட்டிகளோடு ஒரு எட்டு அவனை நோக்கி வைத்தாள்.

"ஏ முட்டாளே! நில்லு!" என்று கத்தினார் சடையாண்டியார்.

அவள் காதை மடக்கிக்கொண்டு இன்னும் ஒரு எட்டு நரியின் பக்கம் நகர்ந்தாள். நகராமல் என்ன செய்வாள்? ஒருத்தர் எப்போதும் திட்டுகிறவர். இன்னொருத்தன் எப்போதும் தட்டிக் கொடுக்கிறவன். நீங்களாக இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போயிருப்பீர்கள்!

சடையாண்டியாருக்கு அப்போதுதான் விளங்கியது. உண்மை தன்னிடம் இருக்கிறது. ஆனால் தன் வாயிலிருந்து வந்தால் அதை யாரும் நம்பப் போவதில்லை. நிமிர்ந்து நின்ற முட்களை ஒவ்வொன்றாகப் படிய வைத்தார். குரலைத் தாழ்த்தினார். பழக்கமில்லாத வேலை.

"பவளாயி, நேத்து ஒரு கேள்வி கேட்டியேம்மா. நான் கவிழ்த்துட்டேன். தப்பு என்னுது. இன்னொரு தடவை கேளு. வணக்கமும் சொல்லு, வேணும்னா."

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒத்தை வாசல் போதுமாங்க ஐயா?"

"போதாதும்மா. ஒத்தை வாசல் வச்சா நீ எப்ப வெளியே வந்தாலும் அந்த ஒரு இடத்துலதான் வரணும். உன்னைத் திங்க நினைக்கிறவன் அங்கே உக்காந்தாப் போதும். இப்போ இவரைப் பாரு. கெட்டிக்காரர், சொந்தமா நல்ல வீடு இருக்கு. மத்தியானத்துலேருந்து இந்த மழையில எங்கே உக்காந்து இப்படி நனைஞ்சாரு?"

பவளாயி பார்த்தாள். இனியனின் நாலு காலிலும் ஓடைக்கரைச் செஞ்சேறு. அவள் வாசலில் அவளே தோண்டிப் போட்ட அதே செஞ்சேறு. அவன் வாயோரத்தில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் அப்படி நூலாக இழுக்காது.

அவள் சட்டென்று பின்னால் தாவி, குட்டிகளைச் சடையாண்டியாரின் வயிற்றுக்குக் கீழே தள்ளினாள்.

"தங்கச்சி! என்னையா சந்தேகப்படுறே?" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டே இனியன் பாய்ந்தான்.

சடையாண்டியார் திரும்பி முதுகைக் காட்டினார். அவ்வளவுதான் செய்தார். இனியன் பாய்ந்த வேகத்துக்கு மூக்கில் நாலு, நாக்கில் இரண்டு, கன்னத்தில் கணக்கில்லை! ஊளையிட்டுக்கொண்டு சரிவில் உருண்டு ஓடினான்.

மழை விட்டது. வீடு போயிற்று. ஏழு தலைமுறைக்கு நிற்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த வீடு! சடையாண்டியார் கரட்டின் மேல்பக்கத்தில் பவளாயிக்கு முதலில் ஒரு வளை தோண்டக் காட்டிக் கொடுத்தார். இரண்டு வாசல், மேலேறும் நடை. தனக்கு அப்புறம்தான் தோண்டிக்கொண்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! இனியன் வீங்கின மூக்கோடு, மழலை பேசிக்கொண்டு, மறுபடியும் ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டான். அவனிடம் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். "பாவம், உடம்பு முடியாத நேரத்துலயும் எவ்வளவு தன்மையாப் பேசுறாரு!" என்றார்கள். சடையாண்டியார் அவர்களைத் தடுக்கப் போனால், "ஐயா, நாங்க ஒண்ணுமே கேக்கலைங்களே!" என்று ஓடினார்கள். அவர் விளா மரத்தடியில் தினமும் போய் உட்கார்ந்தார். ஒரே ஒரு கேள்வி வராதா என்று ஏங்கினார். வரவில்லை. மரத்தடியே வெறிச்சோடிக் கிடந்தது.

கடைசியில் ஒரு நாள் அந்த அணில் வந்தது. விதி எங்கே என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே அணில்தான். பழம் கொண்டுவரவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்று நாலு தடவை யோசித்துவிட்டு, பவளாயி சொல்லி அனுப்பின தைரியத்தில் கேட்டது.

"ஐயா, வளைன்னா என்னங்க?"

உலகத்திலேயே இதைவிட அடிமட்டமான கேள்வி கிடையாது! சடையாண்டியாரின் முட்கள் சிலுசிலுவென்று எழுந்தன. வீரணனுக்கு ஒரே கொண்டாட்டம். பழைய ஓடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"தலைவரே, கவிழ்த்துடலாமா?"

சடையாண்டியார் அந்த ஓட்டைக் கையில் வாங்கினார். நிமிர்த்தி வைத்தார். மர இடுக்கில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை அதில் ஊற்றி, அணில் பக்கம் நகர்த்தினார்.

"வெயில்ல வந்திருக்கே. முதல்ல தண்ணியைக் குடி. வளைன்னா என்னன்னு கேட்டியே, உக்காரு, சொல்றேன்."

அறிந்தவர் தம்மிடம் கேட்க வந்தவரைச் சீறி விரட்டினால், அவர்கள் இனிக்க இனிக்கப் பொய் சொல்பவனின் வாயில்தான் போய் விழுவார்கள்; ஆகவே எவ்வளவு சின்னக் கேள்வியானாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள்.